அரை அடி இடைவெளி

போன கிழமை சிலாபத்தில் ஒரு மருந்துக்கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், வயிற்றில் ஒட்டும் பை இருக்கிறதா என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டாள். கடைக்காரர் அதைப் பத்திரிகைத் தாளில் இரண்டு முறை சுற்றிக் கொடுத்தார். யாராவது பார்த்தார்களா என்று திரும்பியவள் என்னைக் கண்டதும் பதறிப்போனாள். எனக்கு உன் நினைவு வந்துவிட்டது, மச்சான். வாங்கப் போன மருந்தை வாங்காமலே பஸ் ஏறினேன்.

குடலில் புற்றுநோய் என்று உனக்கு வெட்டினார்கள். வயிற்றின் இடப்பக்கம் துளை வைத்து, அதன்மேல் பையை ஒட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். விறாந்தையில் சாரத்தைச் சற்று இறக்கி எனக்கு மட்டும் காட்டினாய். "இனி எல்லாம் போற வழி இதுதான். பயந்திட்டியா?" என்றாய். இல்லை என்றேன். இருபது வருடம் ஒரே தோணியில் கடலுக்குப் போனவர்கள் நாம்.

அதற்குப் பிறகு நீ பள்ளிவாசலுக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை என் இடப்பக்கம் நின்றாய். "தோளோட தோள் சேருங்க, இடைவெளி விடாதீங்க" என்று மௌலவி சொன்னார். வாடை வந்ததா, வந்ததாக நான் நினைத்தேனா, இன்றுவரை தெரியாது. என் கால் அரை அடி வலப்பக்கம் நகர்ந்தது. நீ குனிந்து அந்த இடைவெளியைப் பார்த்தாய். பிறகு கை கட்டிக்கொண்டாய்.

தொழுகை முடிந்ததும் பள்ளி நிர்வாகத்து ஹாஜியார் எல்லோர் முன்னாலும் உன்னை நிறுத்தினார்.

"தம்பி, அசுத்தத்த வயித்துல கட்டிக்கிட்டு பள்ளிக்குள்ள வாறது சரியா? வீட்டுலயே தொழுங்களேன்."

பின்னாலிருந்து ஒருவர், "என்ன பாவம் செஞ்சானோ, அல்லாஹ் காட்டுறான்" என்றார்.

நீ என்னைப் பார்த்தாய். நான் என் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டேன்.

பதில் சொன்னது மௌலவிதான். "நோயாளிக்கு மார்க்கம் இலேசு. ஒவ்வொரு தொழுகைக்கும் புதுசா கை கால் முகம் கழுவி ஒளு எடுத்தாப் போதும். அவர் வரட்டும்." ஹாஜியார் திரும்பி நடந்தார். ஆனால் அடுத்த வெள்ளியிலிருந்து நீ கடைசி வரிசைத் தூண் ஓரத்தில் நின்றாய். உன் இரு பக்கமும் ஆள் நிற்க இடமிருந்தது. யாரும் நிற்கவில்லை, நானும்தான்.

ஒரு வியாழன் பின்னேரம் உன் வீட்டுக்கு வந்தேன். என்னை அண்ணனாக நினைக்கும் உன் மனைவி வாசலிலேயே மறித்தாள். "நானா, நீங்களாவது சொல்லுங்க. வியாழக்கிழம பகல்ல இருந்து வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடியும் வரைக்கும் இவர் ஒண்டும் சாப்பிடுறல்ல. பை வெறுமையா இருக்கணுமாம்."

உன் கன்ன எலும்பு தெரிந்தது. உள்ளே வந்து, "என்னாலயா?" என்று கேட்டேன்.

"மத்தவங்க நகர்ந்தது எனக்குப் பெருசில்ல" என்றாய், சுவரைப் பார்த்தபடி.

மறுநாள் காலை பாணும் மீன் ஆணமும் கொண்டுவந்து, நீ சாப்பிட்டு முடியும்வரை கதிரையை விட்டு எழும்பவில்லை. ஜும்ஆவுக்குத் தூண் ஓரத்தில் உன்னோடு தோள் ஒட்டி நின்றேன். தொழுகையின் இரண்டாம் ரக்அத்தில் உன் பை சத்தம் போட்டது. முன்வரிசையில் ஒரு தலை அசைந்தது. உன் தோள் கல்லாக இறுகியதை என் தோள் அறிந்தது. நான் நகரவில்லை. அப்படி நாலே நாலு வெள்ளிக்கிழமைதான் நமக்குக் கிடைத்தது. நோய் ஈரலுக்குப் பரவியிருந்தது.

கடைசியாக உன் கட்டிலருகே உட்கார்ந்து மாப்புக் கேட்டேன்.

"நகர்ந்ததுக்குத் தந்திட்டன்" என்றாய். மூச்சு வாங்கியது. "ஹாஜியார் கேட்டப்ப பேசாம நிண்டியே. அதுக்கு இன்னும் கோவம்தான் மச்சான்."

"அது போகுமா?"

"தெரியா."

இரண்டு நாளில் நீ மௌத்தானாய். உன் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்க முதலில் தோள் கொடுத்தவர் அதே ஹாஜியார். அவருக்குப் பின்னால் நான் நடந்தேன். அன்றும் ஒன்றும் சொல்லவில்லை.

உன் கோபம் என்னிடம்தான் இருக்கிறது. அதை இறக்கிவைக்க நான் அவசரப்படவில்லை. நோய்க்காரர் ஒருவரை யாராவது தள்ளி நிற்கச் சொன்னால் முதலில் அதுதான் எழும்புகிறது. அதன் பிறகுதான் என் குரல் வருகிறது. நடுங்குகிறது. ஆனாலும் வருகிறது.