களிக்கு ஆகாத அடுப்பு

ஜூன் 12, 2012. செவ்வாய்
வெயில். திண்டிவனம் என்.ஜி.ஓ. ஆபீஸ்ல கரண்ட் இல்ல. வெள்ளிக்கிழமை வானூர்ல எங்க புகையில்லா அடுப்பு விநியோகம். டிசைன் என்னுது. தகரம், எடை கம்மி, தண்ணி ஜல்தியா கொதிக்குது.

சுவத்துல டைரக்டர் மாட்டின புது பேனர்: ‘மக்களை மையமாக வைத்த வடிவமைப்பு’. மக்கள்ல ஒருத்தரும் இந்தப் பக்கம் வந்ததில்ல. எனக்கென்ன.

சாயங்காலம் கண்டமங்கலம், வீடு. ஒரு அடுப்பை அண்ணிகிட்ட குடுத்தேன்.

"டிப்ளமோ படிச்சு, கார் கம்பெனி போயி, செல்போன் டவர் ஏறி, இன்சூரன்ஸ் வித்து, கடைசில என் அடுப்பங்கரைக்கே வந்துட்டீங்களா தம்பி?"

எரிச்சல்.

ஜூன் 13, புதன்
அடுப்பு சாய்ஞ்சு அண்ணி கால்ல களி கொட்டிடுச்சு. பாதம் முழுக்க கொப்புளம். ஆஸ்பத்திரில அண்ணன் என் மூஞ்சியையே பாக்கல.

டைரக்டருக்கு போன். "ஒழுங்கா யூஸ் பண்ணியிருக்க மாட்டாங்கப்பா. வெள்ளிக்கிழமை பணம் குடுக்குற ஃபாரின்காரங்க வர்றாங்க, பேஜாரு பண்ணாத."

அந்தாளு வீட்ல கேஸ் அடுப்பு.

ஜூன் 14, வியாழன்
காலைல நானே களி கிண்டினேன். அண்ணி கட்டில்ல உக்காந்துக்கினு பாத்தாங்க. நொய் வெந்ததும் கேப்பை மாவு. துடுப்பை அழுத்திக் கிண்டினா அடுப்பே நகருது. மண் அடுப்பு தரையோட ஒட்டினது. நான் சோதிச்சதெல்லாம் வெறும் தண்ணி. தண்ணியை எவன் கிண்டுவான்? முட்டாள். டவர்ல அஸ்திவாரம் சரியில்லன்னா ஏறமாட்டேன்னு சண்டை போட்டவன் நான்.

"இதைத்தான் ஊருக்கெல்லாம் குடுக்கப் போறீங்களா?"

துடுப்பைக் கழுவப் போனேன்.

"வாயில என்னா, களியா?"

ஜூன் 15, வெள்ளி
மூட்டம். ஆபீஸ் வாசல்ல லாரி ரெடி. பேனருக்குக் கீழ அடுப்பைப் பத்தவெச்சேன். சட்டி, நொய், மாவு. துடுப்பை டைரக்டர்கிட்ட நீட்டினேன்.

"கிண்டுங்க சார். சாயலன்னா நானே லாரியில ஏத்துறேன். ஷூ மட்டும் கழட்டாதீங்க."

லாரி டிரைவர் சிரிச்சிட்டான். டைரக்டருக்கு ரோஷம். பேன்ட்டை மடிச்சுக்கினு கிண்டினார். மாவு இறுகிச்சு. அழுத்தினார். சட்டி சாய்ஞ்சு போச்சு. ஷூ மேல களி.

லாரி கிளம்பல. டைரக்டர் என்கிட்ட, "நாளைலேர்ந்து வராத."

சரி. ஒரு அடுப்பைத் தூக்கிக்கினு பஸ். விழுப்புரத்துல வெல்டிங் கடை. அடியில, மிதிச்சுப் பிடிக்கிற மாதிரி அகலமா கால் வைக்கணும்னேன்.

"எவ்ளோ அகலம்?"

தெரியல. அண்ணிக்கு போன். "கிண்டும்போது உங்க கால் எங்க இருக்கும்?"

"இப்பதான் கேக்கத் தோணிச்சா?"