பதினோராவது மனு

மார்ச் 3, செவ்வாய்

கடை திறந்ததும் பெரிய மெஷின் காகிதத்தை மென்றுவிட்டது. அதைப் பிடுங்கி எடுப்பதற்குள் தபால்காரர் வந்தார். நகர மன்றத்தின் உறை. பிரிக்காமலே உள்ளே என்ன இருக்கும் என்று தெரியும். ‘ரயில்வே சுரங்கப்பாதையில் மழைநீர் தேங்குவது குறித்த தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.’ பத்தாவது மனுவுக்குப் பத்தாவது பதில். ஒரு சொல் மாறவில்லை. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் எனக்கே பொறாமையாக இருந்தது, அப்படி அச்சு அசலாகப் பிரதி எடுக்கிறார்கள்.

சிரித்துக்கொண்டே பதினோராவதை எழுத உட்கார்ந்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. சிரிப்பு போய்விட்டது. இன்று மகளுக்குக் கணக்குப் பரீட்சை. பள்ளிக்கூடம் சுரங்கப்பாதைக்கு அந்தப் பக்கம்.

மத்தியானம் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு வந்தாள். “நாப்பது நிமிஷம் லேட்டும்மா. கடைசி ரெண்டு கேள்வியத் தொடவே இல்ல. தொட்டிருந்தாலும் தெரிஞ்சிருக்காது, விடு.” எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம்.

எத்தனை வருஷமா எழுதறேன்? எவனுக்காவது உறைச்சுதா? நம்ம பிள்ளைங்க நீந்திதான் படிக்கணுமா?

வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன் வேலை முடிந்து சாப்பிட வந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “பத்து தடவ வெளிய நின்னு தட்டியாச்சு. உள்ள போய் நீயே திறந்து பாரேன். தேர்தல்தான் வருதே” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை.

பதினோராவது மனுவையும் முடித்து அனுப்பிவிட்டேன். பழக்க தோஷம்.

மார்ச் 6, வெள்ளி

எங்கள் வார்டு உறுப்பினர் பதவிக்கு வேட்புமனு தாக்கல் செய்தாகிவிட்டது. இரண்டு பிரதி கேட்டார்கள், நான் ஐந்து வைத்திருந்தேன். அதிகாரி புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “ஒரு அடித்தல் திருத்தல் இல்லயே, யாரும்மா எழுதிக் குடுத்தது?” பதினைந்து வருஷமாக உங்களுக்குத்தானய்யா எழுதிப் பழகினேன் என்று நாக்கு நுனிவரை வந்தது. சும்மா சிரித்துவைத்தேன்.

மார்ச் 14, சனி

பிரசாரத்துக்குப் பொறுப்பு நாத்தனார். நான் கேட்கவில்லை, அவளே எடுத்துக்கொண்டாள். துணிக்கடையில் மேற்பார்வையாளர், குரல் ஏழு கடைக்குக் கேட்கும்.

இன்று நாற்பது வீடு ஏறி இறங்கினோம். கதவு திறந்ததும் ‘எனக்கு ஓட்டுப் போடுங்க’ என்று சொல்ல வேண்டும். ஐந்தே சொல்… இல்லை, மூன்றே சொல்தான், அதுவும் வரமாட்டேன் என்கிறது. வாயைத் திறந்தால், “தண்ணி ஒழுங்கா வருதா? தெரு விளக்கு எரியுதா?” என்றுதான் வருகிறது. அவர்கள் சொல்லச் சொல்ல நான் புகார் நோட்டில் எண் போட்டு எழுதிக்கொள்கிறேன். உட்காரச் சொல்கிறார்கள், உட்கார்ந்துவிடுகிறேன்.

முனை திரும்பியதும் நாத்தனார் பிடித்துக்கொண்டாள். “அண்ணி, நாப்பது வீட்டுல முப்பத்தொரு புகார் வாங்கிருக்கீங்க. எத்தன ஓட்டு கேட்டீங்க?”

யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

மார்ச் 16, திங்கள்

மூன்று வீட்டில் ஓட்டுக் கேட்டேன். ஒருவர் வெளியூர்க்காரராம், விருந்துக்கு வந்தவர்.

மார்ச் 23, திங்கள்

திங்கட்கிழமை காலை புகார் எழுதும் நேரம், தேர்தலானாலும் சரி. ஒரு பாட்டி தொலைபேசியில் சொன்னார். பேருந்து நிறுத்தத்தில் கால அட்டவணையின் மேலேயே யாரோ தேர்தல் சுவரொட்டி ஒட்டிவிட்டார்களாம், பேருந்து எப்போது வரும் என்றே தெரியவில்லையாம். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. யார் வேலை என்று தெரியாதா? என்னை எதிர்த்து மறுபடியும் நிற்கிற பழைய வார்டு உறுப்பினர்தான். பத்து வருஷம் பதவியில் இருந்தவருக்குச் சுவர் கண்ணில் படும், சுரங்கப்பாதை படாது.

காரசாரமாக ஒரு பக்கம் எழுதி, நானே கொண்டுபோய்க் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டு வந்தேன். ‘சம்பந்தப்பட்டவர் யாராக இருந்தாலும் தயவு தாட்சண்யம் இன்றி’ என்று ஒரு வரி. நன்றாக விழுந்திருந்தது.

மார்ச் 24, செவ்வாய்

மானம் போயிற்று.

காலையில் கடைக்கு நோட்டீஸ் வந்தது. பேருந்து நிறுத்தத்திலும் மேலும் பதினாறு இடங்களிலும் சுவரொட்டி ஒட்டிய வேட்பாளர் இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அகற்ற வேண்டும். வேட்பாளர் நான். சுவரொட்டியில் இருப்பதும் என் மூஞ்சி, பாட்டிக்குத்தான் அடையாளம் தெரியவில்லை.

நாத்தனாரைக் கூப்பிட்டேன். “ஆமா அண்ணி, ஞாயித்துக்கெழம ஆள் வெச்சு ஒட்டினேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. ஜனங்க நிக்கற எடமாப் பாத்து ஒட்டச் சொன்னேன்.”

புகார் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு எட்டுப் போய்ப் பாத்திருக்கலாம்ல? கடையிலருந்து முந்நூறு அடி! பாக்காம எழுதறாங்கன்னு ஊரையே திட்டற நான், பாக்காம எழுதிட்டேனே. பதினைந்து வருஷத்தில் நகர மன்றம் முதல் தடவையாக மறுநாளே நடவடிக்கை எடுத்திருக்கிறது. அதுவும் என் மேல்.

அவரிடம் சொன்னேன். முதலில் உம்மென்று கேட்டார். பிறகு முடியாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வேறு என்ன செய்ய?

மார்ச் 25, புதன்

கடைக்கு விடுமுறை. அவர் ஏணியும் பெயிண்ட் சுரண்டும் தகடும் கொண்டுவந்தார், நான் வாளியும் துணியும். பேருந்து நிறுத்தத்தில் ஆரம்பித்தோம். நாத்தனார் நல்ல பசையாகப் பார்த்து வாங்கியிருக்கிறாள். நெற்றி வந்தால் மூக்கு வரமாட்டேன் என்கிறது.

வேலைக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் கேட்டார், “என்னம்மா, உங்க படத்த நீங்களே கிழிக்கறீங்க?”

“புகார் வந்திருக்குங்க.”

“எவன் குடுத்தது?”

“நான்தான்.”

நிறுத்தம் முழுக்கச் சிரித்தது. மறைக்க என்ன இருக்கிறது என்று நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டேன். ஒரு அம்மா கைப்பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு துணியை எடுத்துக்கொண்டாள். “அந்தக் கன்னத்த நான் பாத்துக்கறேன், நீங்க தாடைய எடுங்க.” மத்தியானத்துக்குள் பதினேழு இடமும் சுத்தம். கடைசி மூன்று இடத்துக்கு நாங்கள் போவதற்கு முன்பே யாரோ துடைத்துவைத்திருந்தார்கள்.

தகடு கீறிய கை எரிகிறது. மனசு என்னவோ லேசாக இருக்கிறது.

மார்ச் 28, சனி

பழைய உறுப்பினர் கடைக்கு வந்தார், ஐந்நூறு துண்டறிக்கை பிரதி எடுக்க. இந்த வட்டாரத்தில் வேறு கடை இல்லை. முகம் வாடியிருந்தது. போகிற இடமெல்லாம், ‘அந்தம்மா அவங்களுத எடுத்துட்டாங்க, உங்களுத எப்ப எடுப்பீங்க?’ என்று கேட்கிறார்களாம். ஒரு தாள்கூட மங்காமல் எடுத்துக் கொடுத்தேன். தொழில் வேறு, தேர்தல் வேறு. மெஷினை நடுவில் நிறுத்திவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்ததை இங்கே மட்டும் எழுதிவைக்கிறேன்.

ஏப்ரல் 4, சனி

வாக்களித்தேன். சீட்டில் என் பெயரைப் பார்த்ததும் யாரோ தெரிந்தவர் பெயர் போல இருந்தது. வரிசையில் என் பின்னால் நின்றவர் தெருவிளக்கு எரியவில்லை என்றார். குறித்துக்கொண்டேன்.

தோற்றுவிட்டால்? பன்னிரண்டாவது மனு எழுதுவேன். அவ்வளவுதானே. அவ்வளவுதானா?

ஏப்ரல் 6, திங்கள்

நாற்பத்தொரு வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டேன்! நாற்பத்தொன்றே நாற்பத்தொன்று. மூன்று தடவை எண்ணினார்கள்.

நாத்தனாருக்கு முதல் முறையாகக் குரலே எழும்பவில்லை, என் தோளில் சாய்ந்து விசும்புகிறாள். மகள் குதிக்கிறாள். அவர் என் கையைப் பிடித்து, தகடு கீறிய தழும்பைத் தடவினார். சந்தோஷமாக இருக்கிறது. ரொம்ப ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறது.

நன்றி சொல்லிச் சுவரொட்டி ஒட்டலாமா என்று நாத்தனார் கேட்டாள், குரல் திரும்பிய மறு நிமிடமே.

ஏப்ரல் 20, திங்கள்

எனக்கு ஒரு மேஜை கொடுத்திருக்கிறார்கள். ஒரு கால் ஆடுகிறது. எழுத்தர் ஒரு கட்டுக் கோப்புகளைக் கொண்டுவந்து வைத்தார். மேலே இருந்த தாளின் கையெழுத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டது. என் கையெழுத்து. பதினோராவது மனு. ‘வார்டு உறுப்பினரின் கருத்துக்காக’ என்று முத்திரை குத்தி, சுற்றிச் சுற்றி என்னிடமே வந்திருக்கிறது. அதன் கீழே மற்ற பத்தும் வரிசையாக. எல்லாவற்றிலும் அதே முத்திரை, முத்திரைக்குக் கீழே வெறும் இடம்.

“இதுல என்னதான் சிக்கல்?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மேடம். தண்ணி எறைக்கற மோட்டார் வாங்கி நாலு வருஷமாச்சு. கிடங்குலதான் இருக்கு. உறுப்பினர் கருத்து எழுதல, அதான் பொருத்தல.”

நாலு வருஷம்! ஒரு வரி எழுத ஆள் இல்லாம என் பொண்ணு ஷூவக் கையில பிடிச்சிட்டு நடந்தாளா? தண்ணீர் குடித்தேன். பிறகு பேனாவை எடுத்து எழுதினேன்: ‘மே 29க்குள் மோட்டார் பொருத்தப்பட வேண்டும்.’

எழுத்தர் பதறிவிட்டார். “மேடம், தேதி போடாதீங்க. ‘பரிசீலனையில் உள்ளது’ன்னு போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. தேதி போட்டா செஞ்சே ஆகணும்.”

“அதுக்குத்தான் போடறேன்.”

மனுதாரருக்கு ஒரு பிரதி அனுப்ப வேண்டும் என்பது விதியாம். பிரதி என் கடையிலேயே எடுத்தேன்.

மே 29, வெள்ளி

விடியற்காலையிலிருந்து நல்ல மழை. மகள் கோடைச் சிறப்பு வகுப்பிலிருந்து ஷூ போட்டபடியே வந்தாள், காலுறை நனையவில்லை.

மத்தியானம் ஒரு தொலைபேசி அழைப்பு. சுரங்கப்பாதை ஓரத்து வீட்டுக்காரர், சரியான கோபம். காலையிலிருந்து ஏதோ மோட்டார் ஓடுகிறதாம், அந்தச் சத்தத்தில் வீட்டில் குழந்தை தூங்கவில்லையாம். புது நோட்டை எடுத்து, எண் 1 என்று போட்டு, முழுவதையும் எழுதிக்கொண்டேன்.

இந்தத் தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.