மகிழினி சொன்ன காரணம்

ராயபுரம்
14.8.2003

அண்ணனுக்கு,

நேற்று குடும்ப நீதிமன்றத்தில் உன் மகள் மகிழினி, "அப்பாகூட இருக்கேன்" என்று சொன்னதும் நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்.

வழக்கு முடியும்வரை பிள்ளை என்னிடம் இருக்கட்டும் என்று நீங்கள் இருவருமே ஒப்புக்கொண்டீர்கள். ஒன்றரை வருஷமாக வாய்தாவுக்கு வாய்தா வேலைக்கு லீவு போட்டு அவளைக் கூட்டிக்கொண்டு அலைகிறேன். யாரிடம் இருக்கப் போகிறாய் என்று எல்லோரும் கேட்டார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "இன்னாடி, அம்மாவ வுட்டுட்டுப் போறேன்னுட்ட?"

"நான் அப்பாகூட இருந்தா, அவரு என்னைத் தேடிகினு அம்மா வூட்டுக்கு வரமாட்டாரு அத்தை. வந்தாத்தானே அடிப்பாரு?"

எட்டு வயசு, அண்ணா.

அண்ணியின் கை முறிந்த அன்று, மாடிப்படியில் வழுக்கி விழுந்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னவள் நான். உனக்காகச் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு என்மேலேயே எரிச்சலாக வருகிறது. இன்று காலை அண்ணியின் வக்கீலிடம் போய், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த வாய்தாவில் உன் முகத்தைப் பார்த்தே சொல்வேன். அதற்குள் சண்டை போட இங்கே வராதே.

மகிழினியிடம் இதைச் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"மெய்யாலுமே சொல்லுவியா அத்தை?" என்று மூன்று தடவை கேட்டாள்.

உன் தங்கை