நான் பிடிக்காத கை

2001 மார்ச் 12, திங்கள்

இன்றும் சீனி லொறி வரவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் 'நாளைக்கு, நாளைக்கு' என்று சொல்லியே வாய் உளைகிறது. இடம்பெயர்ந்து வந்து அளம்பில் என்ற இந்தக் கரையோர ஊரின் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி பருப்பு நிறுக்கத் தொடங்கி எவ்வளவு காலம், இன்னும் ஊருக்கு நான் மாங்குளத்தான்தான். தவராசா என்று ஒரு பெயர் இருப்பது பாதிப் பேருக்குத் தெரியாது.

பின்னேரம் மெல்ரொன் வந்தான். சனிக்கிழமை கடலுக்குப் போவோம், நீயும் வா என்றான். அவனோடு தொழிலுக்குப் போகும் அன்ரனின் சின்ன வள்ளம், திருத்தி எடுத்த எஞ்சின், மூன்று பேர், தூண்டில் மட்டும்.

"தொழிலுக்கில்லை மச்சான், சும்மா ஒரு பம்பலுக்கு."

நான் யோசிப்பதைக் கண்டு குரலைத் தாழ்த்தினான். "அப்பாவுக்கும் தெரியட்டுமேன், நீயும் கடலுக்கு இறங்கிற ஆள் எண்டு."

அவனுக்கு எல்லாம் தெரியும். அவனுடைய தங்கச்சி றெஜினாவும் நானும் ஒருவரையொருவர் விரும்பி ஒரு வருசத்துக்கு மேலாகிறது. தகப்பன் கிறகோரி ஐயா அதைக் கேள்விப்பட்டுச் சொன்னாராம்: "சைவப் பெடியன் வேதம் மாறலாம். கடலைக் கண்டு ஒதுங்கிற மனுசனுக்குப் பிள்ளையைக் குடுத்துப்போட்டு நான் என்ன செய்ய?"

வாறன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, வெள்ளி

நீந்தத் தெரியுமோ என்று அன்ரன் கேட்டான். "குளத்துக்குப் பக்கத்தில பிறந்தனான்" என்றேன். பொய்யில்லை. கரையில் நின்று வாளியால் அள்ளிக் குளித்தவன் என்பதை மட்டும் சொல்லவில்லை.

மார்ச் 17, சனி

நடந்ததை நடந்தபடி இங்கேயாவது எழுத வேண்டும்.

விடியவே வள்ளத்தைத் தள்ளினோம். காற்றே இல்லை. கடல் எண்ணெய் ஊற்றிவிட்டதுபோலக் கிடந்தது. அன்ரன் துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட விட்டான். அந்தப் புகையில் எனக்குக் குமட்டியது. இருவரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். கரை மெல்லிய கோடானதும் நங்கூரம் போட்டோம். முதல் மீன் என் தூண்டிலில்தான் பட்டது, நல்ல விளைமீன். "மாங்குளத்தானுக்கு ராசி இருக்கடா!" என்று மெல்ரொன் முதுகில் அடித்தான். றெஜினா அவித்துக் கொடுத்துவிட்ட மரவள்ளிக்கிழங்கைச் சம்பலோடு சாப்பிட்டோம். அந்த நேரம் நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன்.

வெயில் ஏறத் திரும்ப வெளிக்கிட்டோம். மெல்ரொன் முன்பக்கம் எழுந்து நின்று நங்கூரக் கயிற்றை இழுத்தான். நான் நடுவில், இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி. எஞ்சினடியில் இருந்த அன்ரன் அதைக் கண்டுவிட்டான். "இந்தா, உனக்குக் கடல் எண்டால் என்னெண்டு காட்டுறன்" என்றவன், நங்கூரம் உள்ளே வந்ததும் எஞ்சினை ஒரேயடியாக முறுக்கினான். பகிடிக்குத்தான். என்னைப் பயப்படுத்தத்தான். வள்ளம் குதித்தது. மெல்ரொன் சரிந்து, விளிம்பில் தலை அடிபட்டுத் தண்ணீருக்குள் போனான்.

என் பக்கத்தில்தான் மேலே வந்தான். எட்டினால் தொடலாம். நெற்றியெல்லாம் இரத்தம். கண் திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. ஒரு கை மட்டும் தண்ணீருக்கு மேலே வந்தது, விரல்கள் விரிந்தபடி.

பிடிக்க முடியவில்லை என்று எழுத வந்தேன். இல்லை. நான் பிடிக்கவில்லை. விளிம்பை விட்டால் நானும் விழுந்துவிடுவேன் — அது ஒன்றுதான் மனதில் ஓடியது. பார்த்துக்கொண்டிருந்தேன். கை தாழ்ந்தது.

அன்ரன் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பாய்ந்தான். மெல்ரொனைத் தலைமயிரில் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான். "தூக்கடா! தவம், தூக்கடா!" என்று கத்தினான். என் கை விளிம்பைவிட்டு வரவில்லை. தோளால் முட்டி முட்டித் தனி ஆளாக அவனை உள்ளே தள்ளினான். அதில் வள்ளம் சரிய, நான் தண்ணீருக்குள் விழுந்தேன். மெல்ரொனோடு வெளியே இழுபட்டுக் கிடந்த நங்கூரக் கயிறு கையில் அகப்பட்டது, அதில் தொங்கினேன். என்னையும் இழுத்து ஏற்றியது அன்ரன்தான். ஏற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

கரையில் கிறகோரி ஐயா நெஞ்சளவு தண்ணீர் வரைக்கும் இறங்கி வந்தார். "என்னடா நடந்தது?"

அன்ரன் மூச்சு வாங்கியபடி சொன்னான்: "எழும்பி நிக்கேக்கை அலை அடிச்சு விழுந்திட்டான். தவம்தான் பாஞ்சு பிடிச்சவன். நான் ரெண்டு பேரையும் ஏத்தினனான்."

நான் வாயைத் திறந்தேன். உப்புத் தண்ணீர்தான் வந்தது.

மெல்ரொனை உழவு இயந்திரத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தையல் போட்டிருக்கிறார்களாம், உயிருக்குப் பயமில்லையாம். பின்னேரம் அன்ரன் என் அறைக்கு வந்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"உனக்கும் நல்லதுதானே. இனி அந்த வீட்டுக்கு நிமிர்ந்து போவாய். நான் எஞ்சினை முறுக்கினதை நீ சொல்லாதை. நீ குந்திக்கொண்டிருந்ததை நான் சொல்லன்."

நான் ஈரச் சேட்டைக் கொடியில் விரித்தேன்.

மார்ச் 18, ஞாயிறு

பூசை முடிந்து கிறகோரி ஐயா நேரே இங்கே வந்தார். கயிறு உரித்த என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். அந்த முரட்டு விரலால் மெதுவாகத் தடவினார். "என்ரை பிள்ளைக்காக உரிஞ்ச தோல்" என்றார். அழுதார். அந்த மனிதன் என் முன்னால் அழுதார்.

கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 21, புதன்

மெல்ரொன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்று கூப்பிட்டார்கள், போனேன். தாய் அருளம்மா குசினியில் இருந்து ஓடிவந்து, "மோனை, இரு மோனை" என்று நல்ல கதிரையை இழுத்துப் போட்டார். மெல்ரொனுக்கு விழுந்தது, அடிபட்டது, ஒன்றும் நினைவில்லை. "நீ இல்லாட்டி மச்சான்..." என்றான்.

வெளிக்கிடும்போது கிணற்றடியில் றெஜினா. "எப்பிடிப் பிடிச்சனீங்கள்? சொல்லுங்கோவன்" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு பெருமை.

"சேட்டுக் கொலரில பிடிச்சனான்" என்றேன். "ஒருக்கால் வழுகிப் போட்டுது. திரும்ப முங்கிப் பிடிச்சனான்."

ஏன் சொன்னேன்? அதுவரைக்கும் அன்ரனின் பொய், நான் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். வழுகிப் போட்டுதாம். திரும்ப முங்கினானாம். ஆர் கேட்டது இதை? சீ.

மார்ச் 25, ஞாயிறு

கோயிலில் நன்றிப் பூசை. பாதர் பிரசங்கத்தில் என் பெயரைச் சொன்னார். பிறருக்காகத் தன் உயிரை எண்ணாதவன் என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்ரன் மட்டும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 2, திங்கள்

சங்கக்கடையில் எனக்காக வரிசையில் இடம் விடுகிறார்கள். நான் நிறுப்பவன், எனக்கேன் இடம்? சிரித்துச் சமாளித்தேன்.

ஏப்ரல் 8, குருத்தோலை ஞாயிறு

மெல்ரொன் இன்னும் கடலுக்குப் போகவில்லை. காயம் ஆறிவிட்டது. வள்ளத்தடி வரைக்கும் வருகிறான், காலில் தண்ணீர் பட்டதும் நின்றுவிடுகிறான். சின்ன வயதில் இருந்து கடலில் கிடந்தவன். இன்று என்னிடம் வந்து, இருட்டும்வரை இருந்துவிட்டுப் போனான்.

ஏப்ரல் 16, திங்கள்

உயிர்த்த ஞாயிறு கழியட்டும் என்று கிறகோரி ஐயா பொறுத்திருந்திருக்கிறார். இன்று கூப்பிட்டு, அருளம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: "றெஜினாவின்ரை விசயம் எனக்குத் தெரியும் தம்பி. எனக்குச் சம்மதம். உம்மடை ஆக்களோடை கதையும்."

கதவுக்குப் பின்னால் அவளுடைய வளையல் சத்தம் கேட்டது. இந்தச் சொல்லுக்காக நான் எவ்வளவு காத்திருந்தேன்! இன்றைக்கு என் காதுக்குள் அடைத்தது.

பிறகு சொன்னார்: "இன்னொண்டு. மெல்ரொன் வள்ளத்தில ஏறமாட்டன் எண்டு நிக்கிறான். தவம் பக்கத்தில இருந்தால் ஏறுவன் எண்டுறான். புதன்கிழமை ஒருக்கால் அவனோடை போம். நீர் இருக்கிறீர் எண்டால் எனக்கும் பயமில்லை."

நான் இருக்கிறேன் என்றால் பயமில்லையாம்.

அவன் திரும்பவும் விழுந்தால்? திரும்பவும் கை வந்தால்? நான் அப்போதும் விளிம்பைத்தான் பிடிப்பேன். எனக்குத் தெரியும். அன்றைக்கே என்னை எனக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் 17, செவ்வாய்

அன்ரனிடம் போய், நாளைக்கு உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். வலையைக் கீழே போட்டுவிட்டு எழும்பினான்.

"சொல்லு. சொல்லிப்போட்டு நீ நல்லவனாகு. என்னோடை ஆர் இனி வள்ளத்தில ஏறுவாங்கள்? கூட வந்தவனைப் பகிடிக்குக் கொல்லப் பாத்தவன் எண்டுவாங்கள்."

"நான் என்ரை பங்கை மட்டும் சொல்லுறன்."

"உன்ரை பங்கைச் சொன்னால் மிச்சம் தானாய் வரும். அவர் கிறகோரி. கடல் தெரிஞ்ச மனுசன்."

அவன் சொன்னது சரி. மெல்ரொனைக் காப்பாற்றியவன் அவன்தான். அவனைத்தான் நான் காட்டிக்கொடுக்கப் போகிறேன்.

ஏப்ரல் 18, புதன்

சொல்லிவிட்டேன்.

கரையில், வள்ளத்தடியில். கிறகோரி ஐயாவும் மெல்ரொனும் எனக்காகக் காத்து நின்றார்கள். மெல்ரொன் ஒரு கையை என் தோளில் போட்டான். அதோடு சொன்னேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்கமாட்டேன்.

"ஐயா, நான் பிடிக்கேல்லை. எனக்குப் பக்கத்திலதான் கை வந்தது, நான் பாத்துக்கொண்டிருந்தனான். அன்ரன்தான் பாஞ்சு எடுத்தவன். என்னையும் அவன்தான் எடுத்தவன். எனக்கு நீந்தத் தெரியாது."

மெல்ரொன் கையை எடுத்தான். கோபத்தில் இல்லை. சூடான சட்டியில் இருந்து எடுப்பதுபோல.

கிறகோரி ஐயா கடலைப் பார்த்தார். "அண்டைக்கு அலை இருக்கேல்லை" என்றார். "எனக்கு அது அப்பவே உறுத்தினது. அலையில்லாமல் அவன் எப்பிடி விழுந்தவன்?"

"அதை அன்ரனைக் கேளுங்கோ."

அதைச் சொல்லாமலாவது விட்டிருக்கலாம். சொன்னால் ஒன்று, பேசாமல் இருந்தால் ஒன்று, நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் வெட்கம்தான்.

"போம்" என்றார். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19, வியாழன்

வரிசையில் இருந்தவர்கள் நான் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஏப்ரல் 24, செவ்வாய்

அருளம்மா கடைக்கு வந்தார். "தம்பி, ஒரு கிலோ மா" என்றார். மகனே என்ற அந்த 'மோனை' இல்லை. நிறுத்துக் கொடுத்தேன். பையை வாங்கும்போது என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினார்.

றெஜினா வரவில்லை.

மே 6, ஞாயிறு

மெல்ரொன் வந்தான்! கடை பூட்டியிருந்தது, பின்பக்கத்தால் வந்து அரிசி மூட்டையில் இருந்தான். நெற்றியில் தழும்பு நன்றாகத் தெரிகிறது.

"ஒண்டு கேக்கோணும். அந்த நேரம் நான் உன்னைப் பாத்தனானோ?"

"இல்லை. கண் திறந்திருந்தது. பாக்கேல்லை."

தலையை ஆட்டினான். பிறகு, அன்ரனுக்கும் தனக்கும் கரையில் கைகலப்பு என்றான். கிறகோரி ஐயா கேட்க முதலே அன்ரன் தானாகப் போய் எஞ்சின் கதையைச் சொல்லியிருக்கிறான். அதற்குத்தான் அடி. அடிபட்டு முடிய இருவரும் மணலில் இருந்து அழுதார்களாம். "போன கிழமை அவனோடை வள்ளத்தில ஏறினனான். கால் நடுங்கினதுதான். எண்டாலும் ஏறினனான்."

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினான்.

"உன்னோடை இனி நான் கடலுக்கு வரமாட்டன் தவம். அது முடிஞ்சுது." எழும்பினான். வாசலில் நின்று, "பீடி இருந்தால் ஒண்டு தா" என்றான்.

கொடுத்தேன். இருவரும் குடித்தோம்.

மே 14, திங்கள்

றெஜினா. மத்தியானம், கடையில் வேறு ஆட்கள் இல்லாத நேரம். தேங்காயெண்ணெய்க்குப் போத்தலோடு வந்தாள். மெலிந்திருக்கிறாள்.

"இப்பச் சொல்லுங்கோ" என்றாள். "என்ன நடந்ததெண்டு உங்கடை வாயால எனக்குச் சொல்லுங்கோ."

சொன்னேன். விரல் விரிந்திருந்ததையும் சொன்னேன். நான் பார்த்துக்கொண்டிருந்ததையும்.

மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பயந்தது எனக்கு விளங்குது. எங்கடை ஆக்களிலையும் பயந்தவை இருக்கினம். கொலரில பிடிச்சனான் எண்டியளே... வழுகிப் போட்டுது எண்டியளே. அதை நான் எத்தினை பேருக்குச் சொன்னனான் தெரியுமே? அதை ஏன் எனக்குச் சொன்னனீங்கள்?"

அவள் அழுதபடியே போனாள். போத்தல் மேசையில் நின்றது.

மே 15, செவ்வாய்

போத்தலைக் கழுவி எண்ணெய் ஊற்றி வைத்தேன். அருளம்மா வந்து எடுப்பார், அல்லது மெல்ரொன் வருவான். ஒருவரும் வரவில்லை.

மே 16, புதன்

சீனி லொறி வந்து கடை முழுக்கச் சனம். தலை நிமிரவில்லை. வரிசையில் அடுத்தது யார் என்று பார்த்தால் றெஜினா. சீனிக்கு வரவில்லை.

"என்ரை போத்தல்."

எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தாள், திரும்ப மூடினாள்.

"ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டை நிப்பார்" என்றாள், பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கும்படி. "வாங்கோ. ஏசுவார். ஏசட்டும். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், கேட்டுக்கொண்டிருங்கோ."

போய்விட்டாள். அடுத்து நின்ற மனிசி சீனிப் பையை நீட்டினார். நான் இரண்டு தரம் பிழையாக நிறுத்தேன்.