நீ அடுக்கிய கடல் கற்கள்

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த லூர்து அக்காவுக்கு,

உன் தொட்டியைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நல்ல சேதிதான். ஆனால் நீ பார்த்துப் பார்த்து அடுக்கி வைத்திருந்த கற்களையெல்லாம் நான் கலைத்துவிட்டேன் என்பதிலிருந்துதான் அதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. கோபித்துக்கொள்ளாமல் கடைசிவரை கேள்.

நீ காமாலையில் போய் வருஷம் திரும்பியதும், அம்மா என்னை மாமாவுக்கே கட்டிக்கொடுக்கும் பேச்சை எடுத்தாள். உன் வீடு வேறொருத்தி கைக்குப் போகக்கூடாதாம். அக்கா புருஷனைக் கட்டுவதற்குப் பங்குச் சாமியார் மேலிடத்தில் அனுமதி வாங்கித் தந்தார். கோயிலில் தாலி ஏறும்போது உன் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது. நீ சம்மதித்திருப்பாயா அக்கா? உன்னைக் கேட்க வழியில்லை. என்னையும் யாரும் ஒழுங்காகக் கேட்கவில்லை.

அலைச் சத்தத்தில் வளர்ந்த எனக்குச் செஞ்சி பழகவே இல்லை. எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை. மண் போர்த்திய மலையா அது? யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போனதுபோல உருண்டைக் கற்கள், ஒன்றன்மேல் ஒன்று. மத்தியானத்தில் அந்தக் கல்லெல்லாம் காய்ந்து, வெக்கை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நீ எப்படி இங்கே இருந்தாய் என்று தினம் நினைப்பேன். கல்யாணமாகி வந்த புதிதில் நீ ஊறுகாய் ஜாடியில் கடல் தண்ணீர் ஊற்றி, சங்குக்குள் குடியிருக்கும் நண்டு ஒன்றைக் கொண்டுவந்ததும், அது செத்ததற்கு நாளெல்லாம் அழுததும், அதைப் பார்த்து மாமா தன் ரேடியோ கடையிலேயே இரும்புச் சட்டம் அடித்துக் கண்ணாடித் தொட்டி செய்து கொடுத்ததும் எங்களுக்கு ஊரில் வேடிக்கைக் கதை. இங்கே வந்த பிறகுதான் அது வேடிக்கை இல்லை என்று புரிந்தது.

அந்தத் தொட்டி முன்னறையில் போர்வை போர்த்தியபடி இருந்தது. உள்ளே காற்று ஊதும் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. மாமா அதைப் பார்க்கவும் மாட்டார், நிறுத்தவும் மாட்டார். குமிழிச் சத்தம் மாறினால், போர்வையின் ஓரத்தைத் தூக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். அவ்வளவுதான். "அந்தப் பக்கம் போவாத ஆரோக்கியம்" என்று வந்த அன்றே சொல்லிவிட்டார். அதட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோலச் சொன்னார். அதனால் நானும் வெகுநாள் போகவில்லை.

நாற்றம்தான் என்னைப் போகவைத்தது. அழுகிய முட்டை நாற்றம். ஒருநாள் மாமா கடைக்குப் போனதும் போர்வையை இழுத்தேன்.

அக்கா, நீ பார்த்திருந்தால் தாங்கியிருக்க மாட்டாய். சட்டமெல்லாம் துருவும் உப்பும் பூத்திருந்தது. கண்ணாடியில் பச்சைப் பாசி. தண்ணீர் டீ நிறம். நைனா கடலுக்கடியில் இருக்கிற பாறைத் திட்டான பாரிலிருந்து வலையோடு எடுத்து வந்து உனக்கு அனுப்புவாரே, அந்தக் கற்கள் பின்பக்கக் கண்ணாடியோடு சேர்த்து நீ அடுக்கியபடியே கோபுரமாக நின்றன. ரோஸ் நிறத்தில் பூத்திருந்த கல்லெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. மீன் ஒன்றுகூட இல்லை. போர்வையை மறுபடி இழுத்து மூடப் போனேன். அப்போதுதான் அடிக்கல்லின் இடுக்கில் ஏதோ அசைந்தது. கன்னத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். கல்லில் ஒட்டிக்கொண்டு இதழ் விரிக்குமே, நம் ஊரில் கடல்பூ என்போமே, அது. சட்டைப் பொத்தான் அளவுக்குச் சுருங்கிப்போய், வெளுத்து, ஒரே ஒரு இதழை மட்டும் நீட்டி நீட்டி எதையோ தேடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மாமாவுக்குச் சோறு போட்டுவிட்டுச் சொன்னேன்.

"தொட்டியில ஒரு உயிர் இருக்குது மாமா."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "இன்னா சொல்ற?"

"அக்காவோட கடல்பூ. அடியில இருக்குது. கல்லுக்குப் பின்னால எல்லாம் அழுகிப் போயிருக்குது. கல்லை எடுத்து அலசினாதான் அது பொழைக்கும்."

"வேணாம்." சோற்றைப் பிசைந்தபடியே, "அந்தக் கல்லு ஒவ்வொண்ணும் அவ கையால வச்சது. அவ கைபட்டது அப்படியே இருக்குறது இந்த வீட்டுல அது ஒண்ணுதான்" என்றார்.

எனக்கு என்ன வந்ததோ, "அவ வச்சதுன்னு நீங்க விட்டு வச்சிருக்குறதுதான் அவளோட பூவைச் சாகடிக்குது" என்று சொல்லிவிட்டேன்.

மாமா பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவிக்கொண்டு வெளியே போனார். நான் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் புருஷன், உன் சமையல்கட்டு, உன் தட்டு. இதில் வாயைத் திறக்க எனக்கென்ன உரிமை இருக்கிறது? நீயே சொல்.

மறுநாள் காலையில் பரண்மேல் சத்தம் கேட்டது. மாமா நீ கடல் தண்ணீர் கொண்டுவருகிற பழைய பீங்கான் ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "உப்பு லாரி மரக்காணம் போவுது. ஏறிக்கிறியா?" என்றார்.

ஜாடிகளுக்கு வைக்கோல் சுற்றி, லாரியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். திண்டிவனம் தாண்டி வெகுதூரம் போனபிறகு, காற்றில் உப்பு பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் உனக்கும் இப்படித்தான் வந்திருக்குமா? நம் வீட்டில் ஜாடிகளைப் பார்த்ததும் நைனா கரைக்குக் கூடவே வந்தார். கரையில் மொண்டுகொள்ளலாம் என்று நான் இறங்கினேன். "கரைத்தண்ணி மண்ணும் கலங்கலுமா இருக்கும். வச்சிடு" என்றார். நீ போன பிறகு அவர் கட்டுமரத்தைத் தொடவே இல்லை, அக்கா. வலையை எல்லாம் சின்னய்யாவிடம் கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவரே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு அலை உடைகிற இடத்தைத் தாண்டிப் போய், தெளிந்த தண்ணீராக நிரப்பிக்கொண்டு வந்தார். ஈர வேட்டியோடு நின்று, ஜாடி வாய்க்கெல்லாம் துணி கட்டினார். "பூ பொழைச்சிதுன்னா சேதி சொல்லி அனுப்பு பாப்பா. நானே வந்து பாக்குறேன்" என்றார். அம்மா பின்னால் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கல்லை எடுத்த அன்று மாமா கடையைத் திறக்கவில்லை. கை வைப்பதற்கு முன்னால், எந்தக் கல் எங்கே இருந்ததோ அதே மாதிரி திருப்பி வைக்க வேண்டுமென்று, தரையில் சாக்கட்டியால் படம் வரைந்துகொண்டார். மேல்கல்லை அவர்தான் எடுத்தார். தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல எடுத்தார். கடல் தண்ணீர் நிரப்பிய மண்சட்டிகளில் ஒவ்வொன்றாக இறக்கினோம். அடியில் மணல் கன்னங்கரேலென்று இருந்தது. அதைக் கிளறியதும் கிளம்பிய நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து, "சாக்கடை இன்னா அடைச்சிக்கிச்சா?" என்று கேட்டாள். மாமா சிரித்தார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்தடவை.

கடைசியாக அடிக்கல்லைப் புரட்டினோம். பின்பக்கத்தில் இன்னும் இரண்டு கடல்பூக்கள் ஒட்டியிருந்தன. நீ வைத்தது ஒன்றுதானே அக்கா? வெளிச்சமும் தீனியும் இல்லாத அந்த அழுக்குக்குள் அது தன்னையே பிய்த்து மூன்றாகியிருந்தது. மாமா கல்லை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நீ போன அன்றுகூட அவர் அழவில்லை என்று அம்மா குறையாகச் சொல்வாள். அன்று அழுதார். நான் முதுகைத் தடவவில்லை. அது உனக்கான அழுகை. நான் சட்டியில் கற்களைப் பல்குச்சியால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

மணலை மாற்றி, கண்ணாடியைச் சுரண்டி, திருப்பி அடுக்கும்போதுதான் வம்பு வந்தது. மாமா சாக்கட்டிப் படத்தைப் பார்த்துப் பார்த்து வைத்தார். நிற்கவில்லை. சரிந்த கல் ஒன்று கண்ணாடியை உரசிக்கொண்டு விழுந்தது. மறுபடி வைத்தார், மறுபடி சரிந்தது. உன் கைக்கு மட்டும் எப்படி நின்றது? கடைசியில் ஈரக் கையோடு என்னைப் பார்த்து, "என்னால ஆவல. நீ வை" என்றார்.

நான் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக ராஜகிரியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் கரித்துக்கொட்டுகிற அதே மலைதான். ஒரு கல்லும் இன்னொரு கல்லோடு முழுசாக ஒட்டியிருக்கவில்லை. ரெண்டு மூணு இடத்தில் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நடுவில் காற்று புகுந்து போகிறது. அதே மாதிரி வைத்தேன். பின் கண்ணாடியை ஒட்டாமல் கை நுழைகிற அளவு இடம் விட்டேன். ஒரே கோபுரமாக இல்லாமல், பெரிதாக ஒன்று, சிறிதாக ஒன்று என்று இரண்டு குவியல். நடுவில் தண்ணீர் ஓட வழி. உன் கற்கள்தான். ஆனால் அது இனி உன் அடுக்கு இல்லை. வைத்து முடித்தபோது உன்னை இரண்டாவது தடவை அடக்கம் செய்ததுபோல இருந்தது. மாமா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஈரத்துணியை எடுத்துத் தரையிலிருந்த சாக்கட்டிக் கோடுகளைத் துடைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் பூக்கள் திறக்கவில்லை. ஒன்று கரைந்து போயிற்று. அதை என்னால் காப்பாற்ற முடியவில்லை. மற்ற இரண்டும் மூடிய முஷ்டியாகவே இருந்தன. இறாலைப் பொடியாக நறுக்கிக் குச்சிமுனையில் காட்டுவேன், வாங்காது. தண்ணீரை மாற்றியதே தப்போ, கலைத்ததே தப்போ என்று மருகுவேன். உன்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன் அக்கா. நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து உலை வைத்திருந்தேன். முன்னறையிலிருந்து மாமா கத்தினார்:

"லூர்து! ஓடியா, பூ தொறந்துடுச்சு!"

கையில் கரண்டியோடு ஓடினேன். காலை வெயில் தொட்டிக்குள் விழுந்திருந்தது. இரண்டு குவியலுக்கும் நடுவில், தண்ணீர் ஓடுகிற இடத்தில், இரண்டும் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. பச்சையும் ஊதாவும் கலந்த அந்த நிறத்தை மறந்தே போயிருந்தேன். அப்புறம்தான் மாமாவுக்கு, தான் எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டோம் என்பது உறைத்தது. முகம் செத்துவிட்டது.

"தப்பா எடுத்துக்காத ஆரோக்கியம்... வாயில வந்துடுச்சு..."

"வரட்டும் மாமா. அவளைக் கூப்பிடாம வேற யாரைக் கூப்பிடுவீங்க?"

வலிக்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வலித்தது. ஆனால் அந்தப் பேர் இந்த வீட்டில் அவ்வளவு சத்தமாகக் கேட்டதும், நீ அடுப்படியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்துவிடுவாய் என்று நானும் ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பிறகு இருவரும் தரையில் உட்கார்ந்து, சோறு குழைந்து போகும்வரை உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். உன் கோபம், உன் பாட்டு, நீ மீன் ஆய்கிற வேகம். நீ போன பிறகு நாங்கள் இருவரும் உன்னைப் பற்றி வாய்விட்டுப் பேசியது அன்றுதான்.

நைனாவுக்குச் சேதி அனுப்பியாயிற்று. அடுத்த லாரியில் வருகிறாராம்.

உன் பேரை இந்த வீட்டில் இனி யாரும் தொண்டையைத் தாழ்த்திச் சொல்ல விடமாட்டேன், அக்கா. எனக்குப் பிள்ளை பிறந்தால், அதற்கு விவரம் தெரிகிற நாளிலிருந்தே உன்னைப் பெரியம்மா என்று சொல்லித்தான் வளர்ப்பேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு.

உன் இடத்தில் இல்லை, உன் பக்கத்தில் இருக்கிற
உன் கூடப்பிறந்த தங்கை,
ஆரோக்கியம்