நொர்மான் சட்டையிலிருந்து எடுத்த பூ

அன்பு மகள் மிரேய்க்கு அம்மா எழுதுவது. வான்கூவர் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு நீ நன்றாக இருக்க மரியன்னையை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் தம்பி ரேயாலும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. கல்யாணத்தன்று காலமான உன் அப்பா இடத்தில் உன் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போக நொர்மான் சித்தப்பாவைக் கேட்டிருக்கிறாயாமே. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான், புதுக் கோட்டு தைக்கக் கொடுத்தாயிற்றாம். அவன் செய்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அதனால் நானே எழுதுகிறேன்.

காந்தஹார் சண்டையிலிருந்து திரும்பிய ரேயால் கதவு சாத்தும் சத்தத்துக்கே மேசைக்கடியில் பதுங்கியதை நீ பார்த்திருக்கிறாய். எந்த மாத்திரையும் கேட்கவில்லை, கடைசியில் டாக்டர் எழுதிக் கொடுத்த கஞ்சாதான் கேட்டது. நோய் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் பிள்ளை தூங்கினான், என்னோடு மேசையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உருண்டையை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். தபாலில் வந்த சரக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று சர்க்கார் அனுமதி வாங்கிக் கொல்லையில் தானே செடி வைத்தான், குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டான். பறிக்கிற பக்குவத்தில் இருந்தபோது நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போன நேரம் பார்த்து நொர்மான் வந்து அத்தனையையும் வேரோடு பிடுங்கி எரித்துவிட்டான். முன்னாள் படைவீரர் சங்கத்துக்குத் தலைவராக நிற்கிறானாம், அண்ணன் வீட்டுல கஞ்சாத் தோட்டம்னு நாலு பேரு சிரிக்கிறாங்க அண்ணி, நம்ம குடும்பப் பேரு என்னாவுறது என்றான். படைமுகாமில் உருளைக்கிழங்கு உரித்ததைத் தவிர இவன் கிழித்தது என்ன? அந்தப் புகையில் அவன் நாய் மட்டும் நிம்மதியாகத் தூங்கியது. என் பிள்ளை அதற்குப் பிறகு சரியாகத் தூங்கவில்லை, ஒருநாள் படகுத்துறை விளிம்பில் தண்ணீரைப் பார்த்தபடி நின்றவனைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் பேச்சுக் கொடுத்துக் கூட்டிவந்தார். அன்றைக்கே கருவிக்கொண்டேன், இவனை விடுவதில்லை என்று.

நவம்பரில் போரில் செத்த சிப்பாய்களுக்கு அஞ்சலி செய்கிற நாள் வந்தது. நினைவுத்தூணுக்கு முன்னால் கொடி பிடித்தது யார் என்று நினைக்கிறாய், நொர்மான்தான், செத்தவர்கள் நினைவாக அன்றைக்கு எல்லோரும் குத்திக்கொள்கிற சிவப்புத் துணிப்பூ அவன் நெஞ்சில் எல்லோரையும்விடப் பெரிதாக. எக்காளம் ஊதி மௌனம் தொடங்கியது, கொடியைத் தாழ்த்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தான், அசையவும் முடியாது, வாய் திறக்கவும் முடியாது. ஊரே பார்க்க நேராக நடந்துபோய் அவன் நெஞ்சிலிருந்த பூவைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். அவன் முகம் வெந்த சிங்க இறாலாய்ச் சிவந்தது. கூட்டம் கலைந்ததும் ஓடிவந்து, எல்லாரு முன்னாடியும் என் மானத்த வாங்கிட்டியே அண்ணி என்று கத்தினான். ஒத்தப் பூவப் புடுங்கினதுக்கே இந்தக் குதி குதிக்கிறியே, எம்புள்ள தூக்கத்தையே புடுங்குனியேடா என்றேன், சங்கத்துக் கிழவர்கள் எல்லோரும் கேட்டார்கள். தலைவர் பதவி வேறு ஒருவருக்குப் போய்விட்டது. எனக்கு வயிறு நிறையவில்லை மிரேய், அந்தப் புதுக் கோட்டு பெட்டியிலேயே பூச்சி அரிக்க வேண்டும்.

ரேயாலைக் கேட்டேன், அக்கா கையைப் பிடித்து நடக்கிறாயா என்று. மோளம் வேணாம், கோயில் பக்கவாட்டுக் கதவு தொறந்தே இருக்கட்டும், நடக்குறேம்மா என்றான்.

நீயும் மாப்பிள்ளையும் நீடூழி வாழ என் ஆசீர்வாதம். அந்தப் பூவை இதோடு வைத்திருக்கிறேன். கல்யாணத்தன்று உன் தம்பி சட்டையில் நீயே குத்திவிடு. அவன் முன்னால் போய் நில், அவன் உன்னைப் பார்த்த பிறகு குத்து, பின்னாலிருந்து தொட்டுவிடாதே.

உன் அம்மா,
லியோனி