ஆமாம், ஆஸ்துமாதான்

பெப்ரவரி 11
இன்றைக்கும் மகள் மேனகாவின் பிள்ளை கிருஷாந்தி பள்ளிக்கூடத்தில் ஓடிப் பாதியில் உட்கார்ந்துவிட்டாளாம். நெஞ்சில் விசில் சத்தம். சம்பந்தி பேச்சியம்மா சொல்கிறாள், "ஓடச் சோம்பல். நடிக்கிறா." நடிப்பாம்! கல்யாணத்தன்று என் மகளைக் கறுப்பு என்று சொன்ன வாய்தானே.

பெப்ரவரி 14
ஊதிப் பார்க்கும் சோதனைக்கு டொக்டர் நாள் கொடுத்தார். மூச்சு முட்டினால் உறிஞ்சத் தந்திருக்கும் நீல மருந்துப் பம்பை அன்று காலையில் அடிக்கக் கூடாது என்றார். பேச்சியம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "பொம்பளப் புள்ளைக்கு ஆஸ்துமான்னு எழுதிட்டா நாளைக்கு யாருங்க கேட்டு வருவா?"
பிள்ளைக்கு ஏழு வயது! மூச்சு பெரிதா, மாப்பிள்ளை பெரிதா?

மார்ச் 4
ஆஸ்பத்திரியில் குழாயில் ஊதினால் கொம்பியூட்டர் படத்தில் மெழுகுதிரி அணைகிறது. "பிம்பின்ன, பிம்பின்ன!" என்று மிஸ் சிங்களத்தில் கத்தினாள், ஊது ஊது என்று. என் தங்கம் எல்லாத் திரியையும் அணைத்தாள். குறை ஒன்றும் தெரியவில்லையாம்.
"பாஸ் சம்பந்தி, பாஸ்!" பேச்சியம்மா கோயிலில் தேங்காய் உடைத்தாள்.
அப்ப நான் கேட்ட விசில் என்ன? என் காது செத்துப்போச்சா?

மார்ச் 5
கிருஷாவே போனில் சொன்னாள். "அப்பாயிதான் காலையில பம்ப் அடிச்சி விட்டாங்க, அம்மாயி. நல்லா ஊதுனாத்தான் பாஸாம்."
அடிப்பாவி! பரீட்சைக்குப் போற புள்ளைக்குத் திருநீறு பூசுற மாதிரி மருந்தைக் குடுத்து அனுப்பியிருக்கிறாளே!
இரத்தோட்டைக்கு, பேச்சியம்மா வீட்டுக்கு பஸ் ஏறினேன். வாசலில் நின்றே கேட்டேன். "நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்கிறாள். "இனி நானே கூட்டிட்டுப் போறேன். ஒருத்தரும் வர வேணாம்" என்றேன்.

மார்ச் 6
இன்னும் கோபம்.

மார்ச் 19
நேற்றே பிள்ளையை என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். டொக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மருந்தில்லாமல் ஊதினாள் — பாதித் திரிதான் அணைந்தது. பம்ப் அடித்து, கொஞ்ச நேரம் உட்கார வைத்து, திரும்ப ஊதச் சொன்னார்கள் — எல்லாம் அணைந்தது.
"இந்த வித்தியாசத்தைத்தான் அம்மா தேடினோம். ஆஸ்துமாதான்" என்றார் டொக்டர். தினமும் எடுக்க வேறு பம்ப் கொடுத்தார். அழுகை வந்தது. அங்கே அழவில்லை.

ஏப்ரல் 14
வருஷப் பிறப்புக்குப் பேச்சியம்மா வீடு. நிறைய ஆட்கள். அவள் பம்பைத் துண்டால் மூடி உள்ளே கொண்டுபோவதைப் பார்த்தேன். கிருஷாவும் பார்த்தாள். பின்னாலேயே போய் எடுத்து வந்து, எல்லாருக்கும் நடுவில் நின்று உறிஞ்சினாள்.
"என்னா புள்ளைக்கு?" என்றாள் ஒருத்தி.
நான் வாயைத் திறக்குமுன் பிள்ளை சொன்னாள், "ஆஸ்துமா. தெனம் இத எடுத்தா ஓடலாம்." வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.
பேச்சியம்மா வெறும் துண்டோடு நின்றாள். அவள் வீட்டுப் பலகாரத்தை இன்றைக்குத்தான் ருசித்துச் சாப்பிட்டேன்.